வாசிகசாலைக் கலந்துரையாடலுக்கு இஸ்ரேலியர் எவருடைய வாழ்க்கையை எடுத்துக்கொள்ளலாம்?

முள்ளியவளை வாசகன் கேட்டது:

எங்கள் ஊர் வாசிகசாலையில் மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நாட்டவரின் வாழ்க்கைக் கதைகளை எடுத்து, உயர்தர மாணவர்களும் ஊர்ப் பெரியவர்களும் ஒன்றாக அமர்ந்து உரையாடி வருகிறோம். அடுத்த முறை இஸ்ரேலை எடுக்கலாம் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். தோட்ட வேலைக்கும் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கும் அங்கே போக விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்திலும் இருப்பதால், அந்த நாட்டு மனிதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அறியும் ஆவல் அவர்களுக்கு இருக்கிறது.

குழுவிலுள்ள மூத்தவர்கள் இருவருக்கு இதில் உடன்பாடில்லை. வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இஸ்ரேல் முதலில் அறிமுகமானது, இலங்கைப் படைகள் அந்நாட்டிடம் வாங்கிப் போரில் பயன்படுத்திய கிபிர் விமானத்தின் இரைச்சலோடும் டோராப் படகின் பெயரோடும்தான். காசாவின் அழிவைப் பார்த்த பிறகும் அந்நாட்டுச் சாதனையாளர்களைப் பாராட்டி மேடை போடுவது முறையா என்பது அவர்களுடைய கேள்வி. அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை.

நாட்டுப் பெருமை பாடாமல், எங்கள் சனத்தின் வாழ்க்கையோடு நேராகப் பேசக்கூடிய இரண்டு மூன்று பேரைச் சொல்வீர்களா? கண்டுபிடிப்பாளர், கலைஞர், செயற்பாட்டாளர் எவராக இருந்தாலும் நல்லது. இணையத்தில் தேடினால் பாலைவனத்தைச் சோலையாக்கிய ஒரே பல்லவிதான் திரும்பத் திரும்ப வருகிறது.

புதுக்குடியிருப்பு, புனர்வாழ்வுப் பணியாளர்:

அமித் கோஃபரை எடுங்கள் என்பேன். மின்பொறியியலில் கலாநிதிப் பட்டம் பெற்று, மருத்துவப் படமெடுக்கும் கருவிகளை வடிவமைக்கும் நிறுவனம் ஒன்றையும் தொடங்கியிருந்தவர். 1997இல் நான்கு சக்கர மோட்டார் வண்டி விபத்தில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு, கால்களோடு கைகளின் இயக்கத்தையும் பெருமளவு இழந்தார். உலகம் எவ்வளவோ முன்னேறியும், நடக்க முடியாதவருக்குச் சக்கர நாற்காலியை விட்டால் வேறொன்றும் ஏன் இல்லை என்பதே அவரைத் துளைத்த கேள்வி. 2001இல் அதற்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, ரீவோக் என்ற உடற்சட்டகத்தை உருவாக்கினார். இடுப்பு மூட்டிலும் முழங்கால் மூட்டிலும் சிறிய மோட்டார்கள் உண்டு; அணிந்திருப்பவர் உடலை முன்னே சாய்க்கும்போது அந்தச் சாய்வைக் கருவி உணர்ந்து காலை எடுத்து வைக்கும்; சமநிலைக்கு இரு கைகளிலும் ஊன்றுகோல் வேண்டும். இடுப்புக்குக் கீழே அசைவற்ற ஒரு பிரித்தானியப் பெண் 2012இல் இதை அணிந்து, இரண்டு வாரங்களுக்கு மேல் எடுத்து, இலண்டன் மரதன் ஓட்டத் தூரத்தை நடந்து முடித்தார். 2014இல் அமெரிக்க அரசு இதை வீட்டில் பயன்படுத்த அனுமதித்தது.

ஊன்றுகோலைப் பிடிக்கும் வலு கோஃபரின் கைகளில் இல்லாததால், அவர் உருவாக்கிய கருவியை அவரே பயன்படுத்த முடியவில்லை. இந்த இடத்தில் மாணவர்களைச் சற்று நிறுத்தி யோசிக்கச் சொல்லுங்கள். தன் உடலுக்குப் பயன்படாது என்று தெரிந்த ஒன்றுக்கு ஒருவர் இத்தனை வருட உழைப்பைக் கொடுத்திருக்கிறார். பின்னர் தன்னைப் போன்றவர்களும் நிமிர்ந்து நின்றபடியே நகரக்கூடிய வேறொரு சக்கர வாகனத்தையும் உருவாக்கினார்.

எங்கள் பக்கத்தில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்கள் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள் என்பது ஊரவர் எல்லோருக்கும் தெரியும். மணல் முற்றத்தில் சக்கர நாற்காலியின் முன்சக்கரங்கள் இரண்டும் புதைந்துவிடும். அப்போது நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரங்கள் முன்னே போகும்படி பின்பக்கமாக இழுத்துக்கொண்டுதான் கிணற்றடிக்குப் போக வேண்டும். இழுப்பதற்கு ஆள் இல்லாத நேரத்தில் குளிப்பும் இல்லை. ரீவோக் பல்லாயிரம் டொலர் பெறுமதியான கருவி என்பதையும், அது எங்கள் வீட்டு வாசலுக்கு வரப்போவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதன் பிறகு, மணலில் புதையாத அகலச் சக்கரத்தை ஊர்ப் பட்டறையில் செய்ய முடியுமா என்று மாணவர்களிடம் கேளுங்கள். கூட்டத்துக்குச் சக்கர நாற்காலியில் வருபவர்களையும் அழைக்க வேண்டும். அதற்கு வாசிகசாலைப் படியில் முதலில் ஒரு சாய்தளம் வேண்டும்.

விசுவமடுக் கமக்காரன்:

பாலைவனப் பல்லவி சலிக்கிறது என்பதில் எனக்கும் உடன்பாடு. ஆனாலும் சிம்கா பிளாஸ் என்ற மனிதரை அந்தப் பல்லவியிலிருந்து பிரித்தெடுத்துப் பேசலாம். போலந்தின் வார்சோவில் 1897இல் பிறந்து, அங்கிருந்து போய்க் குடியேறிய நீர்ப் பொறியியலாளர் அவர். 1930களில், மற்ற மரங்களைவிட ஒரு மரம் மட்டும் பெரிதாக வளர்ந்து நிற்பதைக் கண்டு காரணம் தேடியபோது, அருகே ஒரு குழாயிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. மேலே ஒரு சிறு வட்டமாகத் தெரிந்த ஈரம், மண்ணைத் தோண்டிப் பார்த்தால் உள்ளே அகலமாகப் பரவியிருந்தது. அந்த எண்ணத்தை முப்பது ஆண்டுகள் மனதில் வைத்திருந்தார். மலிவான பிளாஸ்டிக் வந்து, அரச பணியிலிருந்தும் விலகிய பிறகு, மகனோடு சேர்ந்து, செடியின் அடியில் துளித்துளியாக நீர்விடும் சொட்டியைச் செய்தார். நெகேவ் பாலைவனத்திலுள்ள ஹட்செரிம் கூட்டுப் பண்ணையோடு ஒப்பந்தம் எழுதி நெட்டாஃபிம் நிறுவனம் தொடங்கிய 1965இல் அவருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது.

சொட்டியின் சூட்சுமத்தையும் மாணவர்களுக்குக் காட்டலாம். ஊசித் துளை போட்ட குழாய்கள் முன்பே இருந்தன. அவை சீக்கிரம் அடைத்துவிடும். பிளாஸ் துளையைச் சிறிதாக்காமல், நீண்டு வளைந்து செல்லும் ஒரு பாதைக்குள் தண்ணீரை ஓடவிட்டார். அந்த வளைவுகளில் உரசியே நீரின் வேகம் குறைந்து, கடைசியில் சொட்டாக விழுகிறது.

இருந்தாலும் எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு இதுவும் முழு மருந்தல்ல. சொட்டியின் வாயில் வெள்ளையாகக் கல்சியம் படிந்தால் வரிசைக் கடைசியில் நிற்கும் மிளகாய்க் கன்று முதலில் வாடும். அவசரத்தில் ஊசியால் குத்திவிட்டால் அந்தத் துளை பெரிதாகி, அந்த ஒரு கன்றுக்கு மட்டும் தண்ணீர் பாயும். வடிகட்டியை ஒழுங்காகக் கழுவாத தோட்டங்களில் இந்தக் குழாய்கள் வேலிக்குக் கட்டும் கயிறாக முடிந்ததைக் கண்டிருக்கிறேன்.

பிளாஸ் அரச பணியில் இருந்தபோது நாட்டின் பெரிய நீர்த்திட்டங்களையும் வகுத்தவர். 1964இல் முடிந்த தேசிய நீர்க் கால்வாய் யோர்தான் ஆற்றுப்படுகையின் நீரைத் தெற்கே கொண்டுபோனது. அதைச் சுற்றி அயல்நாடுகளோடு பெரும் பகை மூண்டது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோவது பற்றி எழுந்த வாதத்தைக் கண்ட கிளிநொச்சிச் சனத்துக்கு, தண்ணீர் யாருடையது என்ற கேள்வியை நான் விளக்கத் தேவையில்லை. சொட்டியைப் பற்றிப் பேசும் இடத்தில் அதையும் பேசுங்கள்.

விஞ்ஞான ஆசிரியை, வவுனியா வடக்கு:

மாணவிகளும் வருவார்கள் என்றால் அடா யோனத்தை விட்டுவிடாதீர்கள். 1939இல் எருசலேமில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டுப் பல்கனியின் கூரை எவ்வளவு உயரம் என்று அளப்பதற்காக ஐந்து வயதில் மேசைமேல் மேசையும் அதன்மேல் நாற்காலியும் அடுக்கி ஏறி, கீழே விழுந்து கையை முறித்துக்கொண்டார். பதினொரு வயதில் தந்தை இறந்தபோது, தாயோடு சேர்ந்து அவரும் உழைக்க வேண்டியதாயிற்று. பின்னாளில் கலங்களுக்குள் புரதத்தைக் கட்டும் இறைபோசோமைப் பளிங்காக்கி அதன் வடிவத்தைப் படமெடுக்க முனைந்தார். நடக்காத காரியம் என்று பலர் ஒதுக்கிய வேலை அது. முதற்பளிங்குகள் 1980 அளவில் கிடைத்தன. முழு வடிவம் தெளிவாக மேலும் இருபது ஆண்டுகள் பிடித்தது. 2009இல் அவரோடு இரசாயனவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இருவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். ஒரே புதிருக்காகப் போட்டியிட்ட ஆய்வுகூடங்கள் அவர்களுடையவை. உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைக்கு இறைபோசோம் பாடப்புத்தகத்தில் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருபது வருடத்துக்கும் மேலான பிடிவாதம் இருப்பது தெரியட்டும்.

கலைஞர் வேண்டுமென்றால் வயலின் கலைஞர் இட்சாக் பெர்ல்மன் இருக்கிறார். தெல் அவிவில் ஒரு சிகையலங்காரத் தொழிலாளியின் மகன்; நான்கு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்ததால் அமர்ந்தபடியே வாசிப்பவர். 13 வயதில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாசித்துப் புகழ்பெற்றார். முதல் மறுமொழியில் சொன்ன சாய்தளத்தின் தேவையை அவரும் பல காலமாக வெளிப்படையாகப் பேசி வருகிறார்.

உறவைத் தேடும் ஒருத்தி, முல்லைத்தீவு:

கண்டுபிடிப்பாளர்களைப் பற்றி எழுதிவிட்டீர்கள். செயற்பாட்டாளர் பக்கம் நான் வருகிறேன். மூத்தவர்கள் இருவரின் கேள்விக்கும் அங்கேதான் விடை தேட வேண்டும்.

ரொபி டமெலின் தென்னாபிரிக்காவிலிருந்து 1967இல் இஸ்ரேலுக்குப் போனவர். அவருடைய மகன் டேவிட், மெய்யியலும் கல்வியும் படித்துக்கொண்டிருந்த மாணவன், 2002 மார்ச்சில் மேற்குக் கரையில் ஒரு சோதனைச் சாவடியில் படைச் சேவையில் நின்றபோது பலஸ்தீனர் ஒருவர் குறிபார்த்துச் சுட்டதில் இறந்தான். செய்தி கொண்டுவந்தவர்களிடம், என் பிள்ளையின் பெயரால் நீங்கள் எவரையும் கொல்லக்கூடாது என்றுதான் அந்தத் தாய் முதலில் சொன்னார். பிறகு, பிள்ளைகளை இழந்த இஸ்ரேலியரும் பலஸ்தீனரும் ஒன்றாக இயங்கும் பெற்றோர் வட்டத்தில் சேர்ந்தார். மகனை இழந்த ஒரு தந்தை 1995இல் தொடங்கிய அமைப்பு அது. இன்று பல நூறு குடும்பங்கள் அதில் இருக்கின்றன. ராமி எல்ஹனானும் அங்கே இருக்கிறார். 1997இல் எருசலேம் கடைத்தெருவில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் தன் 13 வயது மகள் ஸ்மதாரை இழந்தவர். அவரோடு ஊர் ஊராகப் போய்ப் பேசும் பலஸ்தீனர் பஸ்ஸாம் அராமினின் 10 வயது மகள் அபீர், 2007இல் இஸ்ரேல் எல்லைக் காவலரின் இறப்பர் குண்டுக்குப் பலியானவள்.

இவர்களைப் பேசும்போது ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். வெளியூரிலிருந்து வந்து நல்லிணக்கம் பேசியவர்கள் பலர், அவர்கள் மன்னித்துவிட்டார்கள், நீங்களும் மன்னியுங்கள் என்று எங்கள் தாய்மாருக்கு இப்படியான கதைகளை ஓதியிருக்கிறார்கள். டமெலினுக்குத் தன் மகன் எந்த நாளில், எந்த இடத்தில், யாருடைய கையால் இறந்தான் என்பது தெரியும். அடக்கம் செய்வதற்கு உடலும் கிடைத்தது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில், பந்தலின் கீழ் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த தாய்மாருக்கு அவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. உண்மை கிடைத்த இடத்துக்கும் கிடைக்காத இடத்துக்கும் ஒரே பாடத்தை எடுக்காதீர்கள். அதுமட்டுமல்ல, இந்தப் பெற்றோர் வெறுமனே கைகுலுக்கிவிட்டுப் போனவர்களும் அல்லர்; ஆக்கிரமிப்பு முடிய வேண்டும் என்று தங்கள் சொந்த அரசை நோக்கிக் கேட்பவர்கள், அதனால் சொந்தச் சனத்திடமே துரோகி என்ற பெயரும் வாங்கியவர்கள். அந்தப் பெயரின் பாரம் எங்களுக்கும் தெரியாததல்ல.

விவியன் சில்வரையும் சொல்ல வேண்டும். கனடாவின் வினிபெக்கில் 1949இல் பிறந்து, காசா எல்லையோரத்தில் பேரி என்ற கூட்டுப் பண்ணையில் வாழ்ந்தவர். காசா நோயாளிகளை எல்லைக் கடவையிலிருந்து இஸ்ரேல் வைத்தியசாலைகளுக்குத் தன் காரில் ஏற்றிச் சென்றவர். 2014இல் உருவான பெண்கள் சமாதான இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2023 ஒக்ரோபர் 4ஆம் திகதி எருசலேமில் பலஸ்தீனப் பெண்களோடு சேர்ந்து அந்த இயக்கம் பேரணி நடத்தியது. மூன்று நாட்களில், ஹமாஸ் தாக்குதலின்போது தன் வீட்டிலேயே அவர் கொல்லப்பட்டார். கடத்தப்பட்டிருக்கலாம் என்று நம்பிக் காத்திருந்த குடும்பத்துக்கு, எச்சங்கள் அடையாளம் காணப்பட்ட செய்தி ஐந்து வாரங்களுக்குப் பிறகே வந்தது. அந்தக் காத்திருப்பு எப்படிப்பட்டது என்பதை எங்கள் ஊரில் எவருக்கும் எழுதிக் காட்டத் தேவையில்லை. அவருடைய மகன் யோனதன் தன் வேலையை விட்டுத் தாயின் பணியை ஏற்றுக்கொண்டார். காசாவில் நடந்த போரையும் எதிர்த்துப் பேசினார்.

முள்ளியவளை வாசகன்:

எல்லோருக்கும் நன்றி. கோஃபரையும் டமெலினையும் விரிவாக எடுப்போம்; யோனத்தை ஆசிரியை அவர்களே வந்து அரைமணி நேரம் பேச முடியுமானால் பெரிய உதவி. அக்கா எழுதியதை மூத்தவர்கள் இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். ஒருவர் வருவதாகச் சொன்னார். மற்றவர் இன்னும் சொல்லவில்லை. அவரை வற்புறுத்தப் போவதில்லை. கிபிர் பற்றிய பேச்சை ஒதுக்காமல், அதிலிருந்தே கூட்டத்தைத் தொடங்கும்படி அவரிடம் கேட்டிருக்கிறேன். சாய்தளத்துக்குச் சீமெந்தும் மணலும் பேசியாயிற்று.

விசுவமடுக் கமக்காரன்:

வெட்டித் திறந்த சொட்டி ஒன்றும் கல்சியம் பிடித்த குழாய்த் துண்டும் கொண்டுவருகிறேன், பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கட்டும். திகதியை மட்டும் காலபோக விதைப்புக்கு முன்னர் வையுங்கள் தம்பி. மழை இறங்கிவிட்டால் எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள்.