27 கோடுகள் உள்ள பிளாஸ்டர் மாதிரி: வார்க்க வழி சொல்லுங்கள்

வணக்கம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்ப்பு வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள்.

ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகக் கணிதத் துறையில், கண்ணாடி அலமாரிகளுக்குள் பழைய பிளாஸ்டர் மாதிரிகள் இருக்கின்றன. கணித அறிஞர்கள் ஃபெலிக்ஸ் கிளைனும் அலெக்சாண்டர் பிரில்லும் 1870களில் மியூனிக்கில் மாணவர்களைக் கொண்டே இப்படிப்பட்ட மாதிரிகளைச் செய்ய வைத்தார்கள். பிரில்லின் சகோதரர் லுட்விக் அவற்றை டார்ம்ஸ்டாட்டிலிருந்து விற்றார். 1893 சிகாகோ கண்காட்சிக்கும் கிளைன் மாதிரிகளைக் கொண்டுபோனார்.

என்னை மயக்கியது, கணித அறிஞர் கிளெப்ஷின் பெயரைத் தாங்கிய மூலைவிட்டப் பரப்பு (Clebsch diagonal surface). எந்தப் பக்கம் திருப்பினாலும் வளைவுதான், ஆனால் அதன்மேலேயே 27 நேர்கோடுகள் அச்சு அசலாக நேராகக் கிடக்கின்றன! இது ஒரு முப்படிப் பரப்பு, அதாவது மூன்றாம் படிச் சமன்பாடு தரும் பரப்பு. கூர்முனை, மடிப்பு இல்லாத எந்த முப்படிப் பரப்பிலும் 27 கோடுகள் உண்டு. பல பரப்புகளில் சில கோடுகள் கலப்பெண்களுக்குள் (complex numbers) ஒளிந்துகொள்ளும், மாதிரியில் தெரியாது. இதில் அத்தனையும் மெய்க்கோடுகள், கையால் தடவலாம்.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். முப்பரிமாண அச்சுப்பொறியில் (3D printer) இந்தப் பரப்பின் மாதிரி ஒன்று எடுத்தேன். கோடுகள் எல்லாம் அடுக்குத் தழும்புகளில் காணாமல் போயின. அதை வைத்து சிலிகான் வார்ப்பச்சு (mould) எடுத்துப் பிளாஸ்டர் ஊற்றினால், நடுவில் உள்ள ஓட்டைகளில் சிலிகான் மாட்டிக்கொண்டு மெல்லிய கழுத்து முறிந்துவிட்டது. இரண்டு முறை!

வார்ப்பச்சை எத்தனை துண்டாகப் பிரிக்கலாம்? கழுத்துக்குள் கம்பி வைத்தால் துருக்கறை வெளியே வருமா? அப்புறம், கோடுகளைப் பிளாஸ்டர் ஈரமாக இருக்கும்போது கீறுவதா, காய்ந்த பிறகா?