நீரில் ஹார்மோன் மாசு: செல் சோதனையா, கருவியா?

கயல்: கழிவுநீரில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போல வேலை செய்யும் மாசு இருக்கிறதா என்று பார்க்க, மரபணு மாற்றிய ஈஸ்ட் சோதனையைத்தான் முதலில் செய்ய வேண்டும். மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின், அதாவது அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் புரதத்தின், மரபணுவை ஈஸ்டுக்குள் வைத்திருப்பார்கள். ஏற்பியில் ஏதாவது ஒட்டினால் செல் ஒரு நொதியைச் சுரக்கும், மஞ்சள் கரைசல் சிவப்பாகும். யாரும் தேடாத பொருளும் இதில் மாட்டும்.

மாறன்: சிவப்பானது சரி, எதனால்? பெயர் தெரியாமல் யாரிடம் போய் நிறுத்தச் சொல்வீர்கள்? மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் கருவியான நிறைமாலைமானி பெயரையும் சொல்லும், அளவையும் சொல்லும்.

கயல்: தேடச் சொன்ன பெயரை மட்டும்தான் சொல்லும். 2002இல் வந்த ஓர் ஆய்வில், தனியாகக் கொடுத்தால் விளைவே தெரியாத அளவில் எட்டுப் பொருள்களைக் கலந்து இதே ஈஸ்டுக்குக் கொடுத்தார்கள். விளைவு நன்றாகவே தெரிந்தது. ஒவ்வொன்றாகப் பார்க்கும் உங்கள் பட்டியலில் எட்டுமே பாதிப்பில்லை என்று தேறியிருக்கும். மீனுக்கு எல்லாம் சேர்ந்துதானே வருகிறது?

மாறன்: மீன் என்றதால் கேட்கிறேன். கனடாவில் ஒரு சோதனை ஏரியில் கருத்தடை மாத்திரையின் எத்தினைல் ஈஸ்ட்ராடையாலை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவில் கலந்தார்கள்; ஒரு சிறுமீன் இனம் ஏறக்குறைய அழிந்தே போனது. இவ்வளவு குறைந்த அளவுக்கு நீரைச் செறிவாக்கித்தான் ஈஸ்டுக்குக் கொடுக்க முடியும். அப்போது மற்ற நச்சும் செறிவாகும். ஈஸ்ட் செத்தால் சிவப்பு வராது, நாம் சுத்தமான நீர் என்று எழுதிவிடுவோம்.

சேரன்: ஆய்வகத்தில் இதைச் செய்பவன் நான். மாறன் சொல்வது நடக்கும். அதனால்தான் கலங்கலையும் அளந்து செல் வளர்ந்ததா என்று பார்க்கிறோம். மின்மினியின் ஒளி நொதியை வைத்த மனித செல்கள் இன்னும் குறைந்த அளவையும் காட்டும். 2018இல் ஐஎஸ்ஓ 19040 என்ற சர்வதேசத் தரமுறையே வந்துவிட்டது, ஈஸ்டுக்கும் மனித செல்லுக்கும்.

கயல்: பெயருக்கும் வழி இருக்கிறது, மாறன். சிவப்பு காட்டிய நீரைப் பகுதி பகுதியாகப் பிரித்து மறுபடி ஈஸ்டுக்குக் கொடுங்கள். சிவக்கும் பகுதியை மட்டும் கருவியில் வையுங்கள். 1998இல் இங்கிலாந்துக் கழிவுநீரில் இப்படித்தான் தேடினார்கள். முக்கியமாகப் பிடிபட்டவை மனித உடலிலிருந்தே வரும் ஈஸ்ட்ரோனும் ஈஸ்ட்ராடையாலும்!

மாறன்: அது நல்ல வழிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தைராய்டைக் கெடுப்பதும், உடல் ஹார்மோன் தயாரிப்பதையே தடுப்பதும் இந்த ஏற்பியில் ஒட்டாமலேயே நடக்கும். ஈஸ்ட் மஞ்சளாகவே நின்றால் ‘ஹார்மோன் மாசு இல்லை’ என்று யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.