வீராணம் நிரம்பிடுச்சாம்

நான்: பெரியப்பா, வீராணம் ஏரி 47.5 அடியைத் தொட்டுவிட்டதாம், செய்தியில் போட்டிருக்கிறார்கள். அத்தனை ஆழமா? பிள்ளைகளைக் கூட்டி வர நினைத்தேன், பயமாக இருக்கிறது.

பெரியப்பா: ஆழம் இல்லம்மா, அது கடல்மட்டத்திலிருந்து எடுத்த கணக்கு. ஏரியின் தரையே அதில் பாதிக்கு மேல் உயரத்தில் கிடக்கிறது. நம் ஏரிக்கு நீளம்தான் பெருமை, 14 கிலோமீட்டர்.

சித்தி: வறட்சியான வருஷம் சித்திரையில் வா, நடு ஏரியில் ஆடு மேயும் 😄

தம்பி கார்த்தி: மழை பெய்யவே இல்லையே, எப்படி நிரம்பியது?

பெரியப்பா: மேட்டூர்த் தண்ணீர்டா. கொள்ளிடத்தில் வந்து கீழணையில் தேங்கி, வடவாறு வழியாக இங்கே வருகிறது. ஐப்பசி மழைக்கு அரியலூர்ப் பக்கத்துச் செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் சேர்ந்துகொள்ளும். அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார், செம்மண் குழம்பு. தண்ணீர் போய்விடும், மண் இங்கேயே படிந்துவிடும். ராஜாதித்த சோழன் வெட்டி ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது, எத்தனை வண்டல் சேர்ந்திருக்கும்! ஆழம் எப்படி இருக்கும்?

நான்: சென்னையில் எங்கள் குழாயிலும் இந்தத் தண்ணீர்தானே வருகிறது?

பெரியப்பா: 2004இலிருந்து. 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய். ஒரு நாளைக்கு 18 கோடி லிட்டர் என்று திட்டம் போட்டார்கள். குடிக்கிற தண்ணீரை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் இதை நம்பி 40 ஆயிரம் ஏக்கருக்கு மேல் சம்பா இருக்கிறது. ஏரி இறங்கினால் முதலில் மதகைத்தான் மூடுகிறார்கள், உங்கள் குழாயை இல்லை. போன தடவை கதிர் வரும் நேரத்தில் நம் வயல் வெடித்துக் கிடந்தது, உனக்குப் படம் அனுப்பினேனே.

நான்: ஞாபகம் இருக்கிறது பெரியப்பா 😔

தம்பி கார்த்தி: அப்போ தூர் வாரினால் ரெண்டு பேருக்கும் ஆகும்ல?

பெரியப்பா: வாரலாம். வண்டலை வயலுக்கு அடித்தால் உரச் செலவும் குறையும். தண்ணீர் வற்றும் ரெண்டு மாசத்துக்குள் எத்தனை வண்டி அள்ள முடியும், சொல்லு?

சித்தி: அதிகம் தோண்டிவிடாதீர்கள். ஓரத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கிற இடத்தில்தான் கோரையும் குஞ்சு மீனும். நாரை, கொக்கெல்லாம் அங்கேதான் இறங்கும். நேற்று கரையில் ஒரு நத்தைகுத்தி நாரை நத்தையை உடைக்காமல் சதையை மட்டும் உருவித் தின்றது, பால்காரரும் வண்டியை நிறுத்திப் பார்த்தார்.

நான்: ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் சித்தி. விரால் கிடைக்குமா?

சித்தி: ஏரி நிரம்பினால் விரால் வலைக்கு வராது. கெண்டைதான். முள் எடுத்துத் தர ஆள் கூட்டி வா.