தந்தையாரின் தவில் பதிவுகள்: எம்பி3 பிளேயரில் எழுத்தும் ஒலியும் சிதைகின்றன, உதவி தேவை

கேள்வி

வணக்கம். தவில் கலைஞராக இருந்து மறைந்த என் தந்தையார் கோயில் திருவிழாக்களில் வாசித்தவற்றை எங்கள் வீட்டார் 60 நிமிடக் கேசட்டுகளில் பதிந்து வைத்திருந்தார்கள். அவற்றில் 40 கேசட்டுகளை மேக் கணினியில் ஏற்றி, முதலில் சுருக்கப்படாத வேவ் கோப்புகளாகவும் பின்னர் 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 ஆயிரம் பிட்) எம்பி3 கோப்புகளாகவும் மாற்றினேன். கைப்பேசியைத் தொடத் தயங்கும் என் தாயார் கேட்பதற்காக, பொத்தான்கள் உள்ள சிறிய பிளேயர் ஒன்றை வாங்கி, 32 ஜிபி கார்டில் போட்டுக் கொடுத்தேன்.

தொடக்கத்தில் வாசிக்கும் மல்லாரி முதலில் வர வேண்டிய இடத்தில், முடிவில் வாசிக்கும் மங்களம் ஒலிக்கிறது. தமிழில் நான் இட்ட பெயர்களுக்குப் பதிலாக, தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் குறியும் திரையில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு கோப்புக்கும் இணையாக, கணினியில் நான் பார்த்திராத ஒரு கோப்பு தோன்றி, இயக்க முடியவில்லை என்று நின்றுவிடுகிறது. இவற்றைவிட என்னை வருத்துவது வேறொன்று. தவில் மட்டுமே ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் தந்தையாரின் அடி விழுவதற்குச் சற்று முன்பே மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்கிறது. எல்லாவற்றையும் 320 கேபிபிஎஸ்ஸாக மாற்றிப் பார்த்தும் அது போகவில்லை. கணினியில் இடம் குறைந்துவிட்டதால் வேவ் கோப்புகளை அழித்துக்கொண்டிருக்கிறேன். இது சரிதானா என்றும் சொல்லுங்கள்.

முதல் பதில்

ஐயா, மற்றவற்றுக்கு முன் ஒரு வேண்டுகோள்: அழிப்பதை இப்போதே நிறுத்துங்கள். உங்கள் தந்தையாரின் வாசிப்பு முழுமையாக இருப்பது அந்த வேவ் கோப்புகளில்தான்.

எம்பி3 ஒலியைச் சிறு சிறு கட்டங்களாக வெட்டி, காது கவனிக்காது என்று அது கணிக்கும் பகுதிகளை விட்டுவிடுகிறது. அதனால் உண்டாகும் பிழை அந்தக் கட்டம் முழுவதும் மெல்லிய இரைச்சலாகப் பரவுகிறது. நாதஸ்வரத்தின் நீண்ட கார்வையில் அது மறைந்துவிடும். ஆனால் கூடு அணிந்த விரல் தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விழும்போது, முந்தைய நொடிப்பிசிறு வரை அமைதியாக இருந்த இடத்தில் ஒலி சட்டென்று எழுவதால், கட்டத்தின் முற்பகுதியில் பரவிய பிழைக்கு மறைப்பு இல்லாமல் போகிறது. நீங்கள் கேட்பது அதைத்தான். இத்தகைய அடிகளுக்காகக் கட்டத்தைச் சிறிதாக்கிக்கொள்ளும் வசதி எம்பி3யில் உண்டு என்றாலும், 128இல் அதற்குப் போதிய இடம் கிடைப்பதில்லை. அந்த 128ஐ 320ஆக மாற்றினால் கோப்பு இரண்டரை மடங்கு பெரிதாகுமே தவிர, விட்டுப்போனது திரும்பி வராது. பிழையும் சேர்ந்தே படியெடுக்கப்படும். வேவ் கோப்பிலிருந்து நேரடியாக 256இல் புதிதாக எடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 115 எம்பி வீதம், 40 கேசட்டுகளுக்கும் 5 ஜிபிக்குள் முடிந்துவிடும்.

இடத்துக்காக அழிக்க வேண்டிய தேவையே இல்லை. சிடி தரத்தில் ஒரு மணி நேர வேவ் கோப்பு 635 எம்பி, ஆக மொத்தம் 25 ஜிபியைச் சற்றே தாண்டும். ஃபிளாக் வடிவில் மாற்றினால் ஒரு துளியும் இழக்காமல் பெரும்பாலும் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குள் அடங்கும். விரும்பும்போது அதே வேவ் கோப்பை அப்படியே திரும்பப் பெறலாம். அதை இரண்டு தனித்தனி இடங்களில் வையுங்கள்.

இரண்டாம் பதில்

எழுத்துச் சிக்கலைப் பற்றி நான் சொல்கிறேன். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாக எழுதப்படுகிறது. உங்கள் பிளேயர் அவற்றை மூன்று தனித்தனி ஐரோப்பிய எழுத்துகளாகப் படிப்பதால்தான் அந்த ஏவும் ஆரும் மாறி மாறி வருகின்றன. பெயர்கள் அழியவில்லை. எம்பி3டேக் போன்ற மென்பொருளில், டேக்குகளை (கோப்புக்குள் பெயர் முதலியவற்றைத் தாங்கும் குறிப்புகளை) ஐடி3 2.3 பதிப்பில் யுடிஎஃப்-16 முறையில் எழுதும்படி அமைத்து மீண்டும் சேமியுங்கள். அதன் பிறகு வெற்றுக் கட்டங்கள் வந்தால், எழுத்துகள் சரியாகச் சேர்ந்துவிட்டன, கருவியில் தமிழ் எழுத்துரு மட்டுமே இல்லை என்று பொருள். அப்போது ஆங்கில எழுத்தில் பெயரிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இயங்காத அந்தக் கோப்புகள், மேக் கணினி தன் குறிப்புகளுக்காக வெளிக் கார்டுகளில் எழுதுபவை. புள்ளியும் அடிக்கோடும் பெயரின் முன்னால் இருக்கும். பெரும்பாலும் 4 கேபி அளவே உள்ளவை, அழித்துவிடலாம்.

வரிசை மாறுவதற்குக் காரணம், எளிய பிளேயர்கள் பெயரின் அகர வரிசையைப் பார்க்காமல், கார்டில் கோப்புகள் எழுதப்பட்ட வரிசையிலேயே படிப்பதுதான். பழைய கோப்பை அழித்த இடத்தில் புதியது போய் அமர்ந்துகொள்ளும் என்பதால், புதிய ஃபோல்டர் ஒன்றைத் திறந்து, 01, 02 என்று எண்ணிட்டு, ஒவ்வொன்றாக வரிசைப்படி நகலெடுங்கள். ஓர் ஆலாபனையை நடுவில் வெட்டிவிடாதீர்கள். எம்பி3 கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு மௌனம் சேர்வதால், இத்தகைய கருவிகளில் வெட்டிய இடம் விக்கலாகக் கேட்கும். கேசட்டின் ஒரு பக்கத்தை ஒரே கோப்பாக வைப்பது நல்லது.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. திரையில் இப்போது கட்டங்கள் வருகின்றன. ஆகவே ஆங்கில எழுத்தில் பெயரிட்டேன். வரிசை சரியாகிவிட்டது. 256இல் எடுத்ததைக் கேட்ட என் தாயார், இடக்கைக் குச்சி விழுவது இப்போதுதான் தனியாகத் தெரிகிறது என்றார். ஆனால் 17ஆம் கேசட்டின் வேவ் கோப்பை, இங்கே கேட்பதற்கு முந்தைய நாளே அழித்துவிட்டேன். அதன் 128 நகல் மட்டுமே இருக்கிறது.

முதல் பதிலளித்தவர்

கேசட் கையில் இருக்கிறதல்லவா? அப்படியானால் எதுவும் போய்விடவில்லை. அதை இரு பக்கமும் ஒருமுறை முழுவதும் சுற்றித் தளர்த்திக்கொள்ளுங்கள். ரிக்கார்டரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். ஒலி மங்கலாக இருந்தால், ஹெட்டின் பக்கத்தில் உள்ள சிறு திருகை, நாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே மிகச் சிறிது சிறிதாகத் திருப்பி, தவிலின் வலந்தலை மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, அதன் பிறகு பதிவைத் தொடங்குங்கள்.