மாவட்டத்துக்கு 2 லோக்கல் சேனல் போதுமா?

கம்பத்துக்காரன்:
2022 நவம்பரில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் கேபிள் லோக்கல் சேனல்களுக்கு விதி போட்டது. ஓர் எம்.எஸ்.ஓ. (சேனல்களை வாங்கி ஊர் கேபிள்காரர்களுக்குக் கொடுக்கும் பெரிய நிறுவனம்) தன் மொத்த சேனல் கொள்ளளவில் 5 சதவீதம் வரைதான் சொந்த சேனல் நடத்தலாம், அதுவும் மாநில அளவில் கணக்கு. அது போக மாவட்டத்துக்கு 2 சேனல் கூடுதலாக நடத்தலாம்.

எங்கள் அப்பத்தா கடைசி இரண்டு வருடம் படுத்த படுக்கை. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் தேரை லோக்கல் சேனலில்தான் பார்த்தார். சக்கரத்துக்குக் கட்டை போடும் ஆட்களில் சித்தப்பாவை அடையாளம் கண்டு, "அவன்தான், அவன்தான்" என்று கையை நீட்டினார். எந்த சாட்டிலைட் சேனல் இதைக் காட்டும்?

ஆண்டிபட்டி வாசகி:
அப்பத்தா பார்த்தது எனக்கும் சந்தோஷம் தம்பி. ஆனால் என் மாமா கடையில் கலப்பட எண்ணெய் என்று ஒரு லோக்கல் சேனலில் ஓட்டினார்கள். விளம்பரம் தர மறுத்த அடுத்த வாரம்! கேட்கப் போனால், "நாங்கள் அப்படி எதுவும் போடவில்லையே" என்றார்கள். கையில் ஆதாரம் இல்லை. இப்போது ஓட்டியதை எல்லாம் பதிவு செய்து 90 நாள் வைத்திருக்க வேண்டும், மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் புகார் கொடுக்கலாம். அரசிடம் சேனலைப் பதிய ஒரு சேனலுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். 400 சேனல் கொடுப்பவருக்கு 5 சதவீதம் என்றாலே 20 வருகிறதே, போதாதா?

கம்பத்துக்காரன்:
அந்த 20-ஐ 38 மாவட்டத்துக்குப் பங்கு போட வேண்டும் அக்கா. உங்கள் மாமாவுக்கு நடந்தது அநியாயம். பதிவும் வேண்டும், குழுவும் வேண்டும். எண்ணிக்கையைக் குறைத்தால் மிரட்டுகிறவன் போய்விடுவானா? காசு உள்ளவன்தான் அந்த 2 இடத்தையும் பிடிப்பான்.

கேபிள் தம்பி:
நான் லைன் வேலை பார்ப்பவன். வைகை அணை 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. ராத்திரி எந்நேரமானாலும் ஸ்க்ரோல் போட்டுவிடுவோம். கரையோரத்து ஆட்கள் டிவியை அணைக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆண்டிபட்டி வாசகி:
அதற்கு மாவட்டம் முழுக்க ஒரு சேனல் போதுமே.

கம்பத்துக்காரன்:
ஸ்க்ரோலுக்குப் போதும், தேருக்குப் போதாது. போடியில் என்றைக்குத் தண்ணீர் விடுகிறார்கள் என்பது கம்பத்துக்காரனுக்கு எதற்கு? தேனி மாவட்டத்தில் 5 தாலுகா. தாலுகாவுக்கு ஒன்று கொடுங்கள் என்கிறேன்.

ஆண்டிபட்டி வாசகி:
சரி, என் மாமாவைப் போல ஒரு கடைக்காரர் அந்தக் குழுவில் புகார் கொடுத்து நியாயம் வாங்கியதைக் காட்டுங்கள். அப்புறம் 5 பற்றிப் பேசலாம்.