மேடைத் திரையில் உடனடித் தமிழ் சப்டைட்டில்: வேண்டுமா, வேண்டாமா?

கூடல்வாசி:
மதுரையில் கல்லூரி மாணவர்களுக்காகக் கட்டற்ற மென்பொருள் கூட்டம் ஒன்று நடத்தப் போகிறோம். பெங்களூரு, கொச்சியிலிருந்து வருகிறவர்கள் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். அவர்கள் பேசப் பேசக் கணினியே மொழிபெயர்த்து மேடைக்குப் பக்கத்துத் திரையில் தமிழ் வரிகளாகக் காட்டட்டும் என்று எங்கள் குழுவில் பாதிப் பேர் சொல்கிறார்கள். மானம் போய்விடும் என்கிறார்கள் மீதிப் பேர். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழையபேனா:
நான் அந்த மீதிப் பேர் கட்சி. ஒரு கருத்தரங்கில் பேச்சாளர் தன் ஆசிரியரின் மறைவைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். திரையில் வந்த வரியைப் படித்துவிட்டுக் கூட்டம் சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பாவம் அவருக்குப் புரியவே இல்லை. அச்சில் தப்பு வந்தால் மறுநாள் திருத்தம் போடலாம். அரங்கமே ஒரே நேரத்தில் படித்துவிட்ட தப்பை யார் திருத்துவது? பணம் இருந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் உரைச் சுருக்கத்தைத் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுங்கள்.

ஒலிக்காரன்:
ஐயா, மொழிபெயர்ப்பாளர் ஒருவரை மட்டும் கூப்பிட்டால் வேலை நடக்காது. பேச்சோடு பேச்சாக மொழிபெயர்ப்பது மூளையைப் பிழிகிற வேலை. அதனால் இருவராக உட்கார்ந்து, அரைமணிக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். அவர்களுக்கு ஒலி புகாத கூண்டு வேண்டும், கேட்பவர் ஒவ்வொருவருக்கும் ஹெட்செட் வேண்டும். மாணவர்கள் காசு போட்டு நடத்தும் கூட்டத்துக்கு இது கட்டுப்படியாகுமா?

நீங்கள் பார்த்த கூத்தில் பெரும்பங்கு மைக்கின் குற்றமாகத்தான் இருக்கும். மேசை மேல் இருக்கும் லேப்டாப்பின் மைக்கை நம்பினால் மின்விசிறிச் சத்தத்தையும் சேர்த்துத்தான் மொழிபெயர்க்கும். அரங்கின் ஒலி மிக்சரிலிருந்து தனி லைன் எடுத்து நேரடியாகக் கொடுங்கள். பேச்சாளர் பெயர், மென்பொருள் பெயர் எல்லாவற்றையும் முன்கூட்டியே பட்டியலாக ஏற்றிவிடுங்கள்.

பழையபேனா:
ஒலி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வாக்கிய அமைப்பை என்ன செய்வீர்கள்? ஆங்கிலத்தில் வினை நடுவிலேயே வந்துவிடும், தமிழில் கடைசியில்தான் வரும். எனவே கருவி வாக்கியம் முடியும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது ஊகித்துப் போட்டுவிட்டு அழித்து அழித்து எழுத வேண்டும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனால் இன்னும் மோசம். "இந்தத் திட்டத்தை நான் ஆதரிக்க" என்பதுவரை கேட்ட கருவிக்கு, அடுத்து வருவது "வேண்டும்" என்பதா, "முடியாது" என்பதா என்று எப்படித் தெரியும்?

தேன்மொழி_கோவை:
எனக்குச் சிறு வயதிலிருந்தே காது கேட்காது. மொழிபெயர்ப்பாளர் வந்தால் என் கையிலும் ஹெட்செட்டைத்தான் திணிப்பார்கள். பழையபேனா ஐயா சொல்லும் அச்சுத்தாளில் பேச்சாளர் எழுதித் தந்தது மட்டும்தான் இருக்கும். அவர் மேடையில் சொல்லும் நகைச்சுவை, யாராவது குறுக்கிட்டுக் கேட்டது எதுவும் இருக்காது.

அமெரிக்காவில் பைத்தான் நிரல்மொழிக்காரர்கள் கூடும் பைகான் மாநாட்டில் தனி விசைப்பலகை வைத்துக்கொண்டு ஆளே உட்கார்ந்து பேச்சை உடனுக்குடன் தட்டிக் காட்டுவார்கள். அந்தத் தொழிலில் அங்கே சான்றிதழ் வாங்க நிமிடத்துக்கு 225 சொல் வரை தட்டிக் காட்ட வேண்டும். தமிழில் அப்படி ஒருவரை நான் போன எந்தக் கூட்டத்திலும் பார்த்ததில்லை. அவர் வரும்வரை கணினியின் தப்பும் தவறுமான வரியே எனக்குப் போதும். நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல்தொடர்பு என்றால் என்ன என்று விளக்கும்போது, எழுத்தைக் காட்டுவதையும் அதில் சேர்த்திருக்கிறது.

நடுத்தெரு:
சரி, ஏன் பெரிய திரை? க்யூஆர் கோடு ஒட்டிவிடுங்கள், வேண்டியவர் போனில் பார்த்துக்கொள்ளட்டும். டொராண்டோவில் ஆபரா என்னும் இசைநாடகம் நடத்தும் கனடிய ஆபரா கம்பெனி 1983-இல் மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பு வரிகளைக் காட்டத் தொடங்கியபோதே, பாடகரைப் பார்ப்பதா எழுத்தைப் பார்ப்பதா என்ற சண்டை வந்துவிட்டது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆபரா 1995-இல் முன்னிருக்கையின் முதுகில் ஆளுக்கொரு சின்னத் திரை வைத்தது. வேண்டாதவர் அணைத்துவிடலாம். நம்மூர்க்காரர்களும் அனுபவித்ததுதான்: 2023 டிசம்பரில் வாரணாசியில் காசி தமிழ்ச் சங்கமத்தில் பிரதமரின் இந்திப் பேச்சை மத்திய அரசின் மொழிபெயர்ப்புக் கருவியான பாஷினி உடனுக்குடன் தமிழாக்கியது. போயிருந்த தமிழர்கள் இயர்போனில்தான் கேட்டார்கள்.

தேன்மொழி_கோவை:
ஆபராவில் அன்று பாடப்போகும் ஒவ்வொரு வரியும் முன்பே தெரியும். மொழிபெயர்த்து வைத்திருப்பதை ஓர் ஆள் நேரம் பார்த்துத் தள்ளினால் போதும். இங்கே அப்படியா? இயர்போன் உதாரணம் என்னிடமே சொல்கிறீர்கள், நல்லது. போனில் படித்தால் தலையைக் குனிய வேண்டும். உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்கிறவள் நான். குனிந்தால் அந்தப் பாதியும் போய்விடும், ஸ்லைடும் போய்விடும்.

ஒலிக்காரன்:
நீங்கள் எல்லாரும் விட்ட ஒன்று. நம்மூரில் யார் சுத்த ஆங்கிலம் பேசுகிறார்கள்? "இந்த ஃபங்ஷனை கால் பண்ணா எரர் வரும் பாருங்க" என்பார்கள். ஆங்கிலம் என்று ஒரே மொழியைக் குறித்துவைத்த கருவி அந்த இடத்தில் உளற ஆரம்பித்துவிடும். கூடல்வாசி, கலந்து பேசும் ஆட்கள் யார் யார் என்று முதலில் கணக்கெடுங்கள். அவர்கள் பேசும்போது மொழிபெயர்ப்பே வேண்டாம். எப்படியும் மாணவர்களுக்குப் புரியும்.

மற்றவர்களுக்கு, வாக்கியம் முடிந்தபிறகே வரி வரும்படி தாமதம் வையுங்கள். ஆங்கில மூலத்தையும் மேலே சின்னதாகக் காட்டுங்கள், தப்பு எங்கே என்று பார்ப்பவருக்கே தெரிந்துவிடும். திரையைத் தாழ்வாக வைக்காதீர்கள், பின்வரிசைக்கு முன்னால் இருப்பவர் தலைதான் தெரியும். ஒற்றைக்கொம்பு தனியே பிரிந்து நிற்காத எழுத்துருதானா என்று முந்தின நாளே அந்தக் கணினியில் போட்டுப் பாருங்கள்.

பழையபேனா:
தேன்மொழிக்காக ஆங்கில வரிகளை மட்டும் காட்டுங்கள், அதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன். மொழிபெயர்ப்புதான் என் தகராறு. உங்கள் வாய்ச்சொல்லை இன்னொரு மொழியில் உங்கள் பெயரிலேயே திரையில் போடுகிறார்கள். பேச்சாளரைக் கேட்டீர்களா?

கூடல்வாசி:
அதைக் கேட்கவில்லை, இன்றே எல்லாருக்கும் எழுதுகிறேன். ஒப்புக்கொள்கிறவர்களுக்கு மட்டும் இரண்டு மொழியும் பெரிய திரையில். மற்றவர்களுக்கு ஆங்கில வரிகள் மட்டும். கேள்வி நேரத்தில் எல்லாவற்றையும் அணைத்துவிடலாம். மைக் கை மாறும்போது ஒலி கெடும், கேட்கிற மாணவர்களும் கூச்சப்படுவார்கள்.

தேன்மொழி_கோவை:
கேள்வி நேரத்தில் அணைத்தால் என் கேள்விக்கு வரும் பதிலை நான் எப்படித் தெரிந்துகொள்வது?

பழையபேனா:
கேள்வி நேரத்துக்கு மட்டும் ஒரு மாணவரை உட்காரவைத்துப் பதிலைத் தட்டச் சொல்லுங்கள்.

ஒலிக்காரன்:
அவர் ஒரு பதிலைத் தட்டி முடிப்பதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிடும் ஐயா. கேள்வி நேரத்துக்கு இன்னொரு மைக்கும் லைனும் நான் போட்டுத் தருகிறேன். அணைக்க வேண்டாம்.