பரண் விற்பனைக்கு

*குழு: பெரம்பூர் குடும்பம்*

கார்த்தி: ஜெர்சி சிட்டியில் ஒரு லாஃப்ட் விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா என்று யோசிக்கிறேன். 6 படம் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

சித்தி: லாஃப்டா? பரண்தானே அது? எங்கள் வீட்டுப் பரணில் கொலுப்படி, பழைய இட்லிக் குண்டான், உன் சித்தப்பாவின் பாடாத ரேடியோ எல்லாம் இருக்கிறது. சும்மாவே தருகிறேன், எடுத்துக்கொள்.

கார்த்தி: அந்த லாஃப்ட் இல்லை சித்தி. பழைய தொழிற்சாலைத் தளத்தை வீடாக்கினால் இங்கே அதற்கு அந்தப் பெயர். உள்சுவர் அதிகம் இருக்காது. கூரை உயரம் 14 அடி. செங்கல் சுவருக்குப் பூச்சு கிடையாது.

சித்தி: பூசாத சுவருக்கு எவ்வளவு கேட்கிறார்கள்?

கார்த்தி: ஆறரை லட்சம் டாலர்.

சித்தி: பூசிக்கொடுத்தால் குறைப்பார்களா?

பெரியப்பா: என்ன ஆலை அது?

கார்த்தி: பென்சில் ஆலை பெரியப்பா. ஜோசப் டிக்சன் என்பவர் 1847-ல் ஜெர்சி சிட்டிக்குக் கொண்டுவந்த கம்பெனி. உலோகம் உருக்கும் மூசையும் பென்சிலும் செய்தார்கள். இரண்டுக்கும் ஒரே சரக்கு, கிராஃபைட். சிலோனிலிருந்துகூடக் கப்பலில் வந்திருக்கிறது. மஞ்சள் நிற டைகாண்டரோகா பென்சில் இவர்களுடையதுதான். 1980-களில் கட்டடங்களை வீடுகளாக மாற்றிவிட்டார்கள். குரோவ் ஸ்ட்ரீட் ஸ்டேஷனுக்கு நடந்து போகலாம். அங்கே ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டாப் உலக வர்த்தக மையம்.

பெரியப்பா: மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மர உத்திரத்தின் அடியில் இரண்டிரண்டாக நான்கு துளை. சுற்றிலும் கறுத்திருக்கிறது. அதைப் பற்றி என்ன சொன்னார்கள்?

கார்த்தி: வீடு காட்டிய ஏஜென்ட் அம்மா, பழைய வீட்டுக்கு அது ஒரு அழகு என்றார்.

பெரியப்பா: அழகுமில்லை, ஒன்றுமில்லை. அங்கே ஷாஃப்ட், அதாவது சுழலும் இரும்புத் தண்டு, தொங்கியிருக்கும். அந்தக் காலத்தில் ஆலைக்கு ஒரே இன்ஜின். கூரையோடு நீளமாக ஷாஃப்ட் ஓடும், அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் தோல் பெல்ட் இறங்கும். கறுப்பு, எண்ணெய்க் கறை. கூரை அவ்வளவு உயரம் அதற்குத்தான். ஜன்னல் பெரிதாக வைத்ததும் கரண்ட் இல்லாத நாளில் வேலைக்கு வெளிச்சம் வேண்டுமென்று. காற்று வாங்க அல்ல.

வித்யா: தம்பி, குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் சூடெல்லாம் அந்த 14 அடியில் போய் உட்காரும். பில் வரும்போது தெரியும். மாதப் பராமரிப்பு எவ்வளவு, அதில் ஹீட்டிங் சேருமா, கேட்டாயா? நியூஜெர்சி வீட்டு வரி தனி. அப்புறம், 2012 சாண்டி புயலில் அந்த ஊரின் தாழ்வான பகுதிகளில் தண்ணீர் புகுந்தது. உன் வீடு எந்த மாடி?

கார்த்தி: மூன்றாவது.

வித்யா: நீ நனைய மாட்டாய். கார்?

கார்த்தி: கேட்கிறேன்.

வித்யா: ஆலை வீடு என்றால் இன்னொன்றும் இருக்கிறது. பக்கத்து ஹோபோக்கனில் பாதரச விளக்கு செய்த ஆலையை ஓவியர்கள் சிலர் சேர்ந்து வாங்கி வீடாக்கினார்கள். தரையைப் பெயர்த்தால் அடியில் பாதரசம் உருண்டிருக்கிறது. 1996 தொடக்கத்தில் எல்லாரையும் வெளியேற்றினார்கள். பிறகு கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று.

பெரியப்பா: நம் பின்னி மில்லை மூடியதும் 1996-தான். ஆலைகளுக்கு ஆகாத வருஷம்.

கார்த்தி: மண்ணும் தரையும் சோதித்த ரிப்போர்ட் கேட்டிருக்கிறேன் அக்கா. அது வராமல் கையெழுத்துப் போட மாட்டேன்.

சித்தி: சமையல்கட்டைக் காணோமே?

கார்த்தி: இரண்டாவது படத்தில் சோபாவுக்குப் பின்னால் நீளமாக ஒரு மேடை தெரிகிறதே, அதுதான்.

சித்தி: அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு சுவர்கூட இல்லையா! ஞாயிற்றுக்கிழமை கருவாடு வறுத்தால் புதன்கிழமை வரைக்கும் தலையணை மணக்கும். புகை வெளியே போகக் குழாய் இருக்கிறதா, இல்லை சுற்றிச் சுற்றி உள்ளேயே விடும் சிம்னியா? முதலில் அதைக் கேள். பாதரசம் அப்புறம்.

வித்யா: பெரியப்பா, நம் மில் இடத்தில் கட்டிய ஃபிளாட்டைப் பார்க்க அப்பா கூப்பிட்டபோது "வேலை பார்த்த இடத்தில் போய் யாராவது தூங்குவார்களா" என்றீர்கள். இவனுக்கு மட்டும் ஷாஃப்ட், பெல்ட் என்று பாடம் எடுக்கிறீர்களே?

பெரியப்பா: நைட் ஷிப்டில் தூங்கி ஒருமுறை மெமோ வாங்கியவன் நான். அதனால் சொன்னேன்.

பெரியப்பா: அங்கே இருப்பது புதுக் கட்டடம் அம்மா. கேட் எங்கே இருந்தது, சங்கு எங்கே ஊதியது, காக்கித் துணியை மடித்து அடுக்கிய இடம் எது, நின்று பார்த்தால் எனக்கே திசை தெரியவில்லை. 1918-ல் சங்கம் வைத்துப் போராடிய ஆலை அது. இவன் அனுப்பியது அப்படியில்லை. துளை இருக்கிறது.

சித்தி: அப்படியென்றால் வாங்கச் சொல்கிறீர்களா மாமா?

பெரியப்பா: விலையைப் பற்றி நான் பேசவில்லை. கார்த்தி, மறுபடி எப்போது போகிறாய்?

கார்த்தி: சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. உங்களுக்கு ராத்திரி ஏழரை.

பெரியப்பா: வீடியோ கால் போடு. ஒரு ஏணி கேட்டு வாங்கி, உத்திரத்தைக் கிட்டக் காட்டு.

சித்தி: அடுப்பையும்.